நீளமாக விட்ட நூல்

இருபத்து நான்கு இதயங்களில் பன்னிரண்டு பொய் சொல்கின்றன என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது ஒரு செவ்வாய்க்கிழமை, டீ வருவதற்குச் சற்று முன்பு.

எல்லாம் சுண்டெலியின் இதயங்கள். ஒவ்வொன்றும் பட்டாணி அளவுதான் இருக்கும். அவற்றை மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி என்னிடம் தருவார்கள். நான் இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்து பச்சையாக மினுங்கும் புள்ளிகளை எண்ணுவேன். ஒரு புள்ளி என்றால் அங்கே ஒரு செல் செத்துக்கொண்டிருந்தது என்று பொருள். நாள் முழுக்க எண்ணி எண்ணி என் பெயரே 'எண்ணி' ஆகிவிட்டது. வைத்தவர் இதயங்களைச் சீவுகிறவர். பதிலுக்கு அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சீவல் சார்.

எலிகளுக்கு அறுவை செய்வது என் அண்ணி. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நாங்கள் இருவரும் காலையில் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவோம். "அண்ணியும் எண்ணியும் வந்தாச்சு. இனிமே எலிங்க பாடு திண்டாட்டம்தான்" என்று சீவல் சார் படிக்கட்டிலேயே வரவேற்பார்.

அண்ணி செய்வதைப் பார்த்தால் மூச்சு விட மறந்துபோகும். மயங்கிக் கிடக்கும் எலியின் மார்பைத் திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேல் ஓடும் ஒரு ரத்தக்குழாயைக் கறுப்பு நூலால் அரை மணி நேரம் கட்டி வைப்பார். பிறகு முடிச்சைத் தளர்த்துவார். மனிதர்களுக்கு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிடுகிறார்களே, அதே கதைதான் சின்ன அளவில். வேடிக்கை என்னவென்றால், ரத்தம் திரும்பி வந்த பிறகும் செல்கள் செத்துக்கொண்டே இருக்கும். பசியில் சாகாதவை சோறு வந்தபின் சாகும். அதைத் தடுக்க ஒரு மருந்து. பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் ஒட்டிய உறைக்குள் மேடத்தின் அலமாரியில் இருந்தது.

மேடம்தான் எங்கள் ஆய்வகத்துக்குத் தலைமை. "இந்த மருந்து வேலை செஞ்சா உனக்கு அஞ்சு வருஷம் நீட்டிப்பு. இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்ல" என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார். அண்ணியின் ஒப்பந்தம் முடிய ஆறு வாரம் இருந்தது. எலியின் இதயத்தில் முடிச்சுப் போடத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் வேறு எங்கே வேலை கிடைக்கும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை என் தாளில் எண்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. பன்னிரண்டு இதயங்களில் பச்சைப் புள்ளிகள் நூறைத் தாண்டியிருந்தன. மற்ற பன்னிரண்டில் நாற்பதுகூட இல்லை. உறையைப் பிரிக்காமலே யாருக்கும் புரிந்துவிடும். மருந்து வேலை செய்திருக்கிறது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

ஆனால் அதே இதயங்களின் இன்னொரு தகட்டில் நான் வெள்ளையணுக்களையும் எண்ணியிருந்தேன். காயம்பட்ட இடத்துக்கு ஓடிவந்து குவிகிறவை அவை. செத்தது குறைவு என்றால் ஓடிவருவதும் குறைய வேண்டும். குறையவில்லை. இருபத்து நான்கிலும் ஒரே கூட்டம், ஒரே வீக்கம். புள்ளி குறைந்த இதயங்கள் சிலவற்றில் கூட்டம் இன்னும் அதிகம். இழவு விழாத வீட்டு வாசலில் ஊரே கூடி நிற்பதுபோல இருந்தது.

இரண்டு தகடுகளும் ஒரே இதயத்தில் வெட்டியவைதானா?

கேள்வி ஒருமுறை வந்துவிட்டால் கண் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கிவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் அண்ணியும் சீவல் சாரும் ஜன்னலோரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டப்பாவுடன் போனதும் பேச்சு நின்றது.

"என்ன ரகசியம்?" என்றேன் சிரித்துக்கொண்டே.

"உனக்கு மாப்பிள்ளை பாக்குறோம். பையனுக்கு ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் எண்ணத் தெரியுமான்னு விசாரிச்சிட்டிருக்கோம்" என்றார் சீவல் சார். அண்ணி சிரிக்கவில்லை. எதையோ கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை சாயம் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கடைசித் தட்டில், மற்ற புட்டிகளுக்குப் பின்னால், வெள்ளித் தாளில் சுற்றிய ஒரு சின்னப் புட்டி. 'யாரும் தொடக்கூடாது' என்று மேடத்தின் கையெழுத்து. எல்லாப் புட்டிகளிலும் பெயர் உண்டு, இதில் மட்டும் இல்லை. இந்த ஆய்வகத்தில் என்னைத் தவிர எல்லோரிடமும் ஏதோ ஒன்று மூடி வைக்கப்பட்டிருக்கிறது என்று பட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அண்ணி வழக்கம்போல என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மனதுக்குள் அவரை விசாரித்துக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை எனக்குத் துப்புக் கிடைத்தது. இதயங்களை வெட்டுவதற்கு முன் சீவல் சார் ஒவ்வொன்றையும் வெள்ளைத் தட்டில் வைத்து ஒரு படம் எடுத்துவைப்பார். அந்தப் படங்கள் எல்லோரும் பார்க்கிற கணினியில்தான் கிடக்கும், யாரும் பார்ப்பதில்லை. புள்ளி குறைந்த பன்னிரண்டு இதயங்களின் எண்களைத் தேடி ஒவ்வொன்றாகத் திறந்தேன். கட்டு இருந்த இடம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்பு நூலை அண்ணி அப்படியே விட்டுவிடுவார். சில படங்களில் நூலின் நுனி ஒட்ட நறுக்கியிருந்தது. சிலவற்றில் பூனை மீசைபோல நீட்டிக்கொண்டிருந்தது.

திரையின் மேல் அளவுகோலை வைத்து அளந்தேன். பன்னிரண்டில் ஏழு நூல்கள் நீளம்.

அண்ணி எதையும் ஏனோதானோ என்று வெட்டுகிறவர் அல்ல. கறிவேப்பிலையைக்கூட ஒரே அளவில் கிள்ளிப் போடுகிறவர். அப்படியென்றால் நீளம் ஓர் அடையாளம். யாருக்கு? சீவுகிறவருக்குத்தான். 'இந்த இதயத்தில் புள்ளிக்கான தகட்டை முடிச்சுக்கு மேலே, காயம் படாத பகுதியில் வெட்டு' என்று அர்த்தம். அங்கே சாவு இருக்காது, புள்ளியும் இருக்காது. வெள்ளையணுத் தகட்டை மட்டும் வழக்கமான இடத்தில் வெட்டியிருப்பார். அதை யோசிக்க மறந்துவிட்டார்கள். எல்லாம் பொருந்தியது. உறைக்குள் இருக்கும் பட்டியலை அண்ணி எப்படியோ பார்த்திருப்பார். மிச்ச ஐந்துக்கு ஏன் நீளமில்லை? எல்லாவற்றிலும் செய்தால் மாட்டிக்கொள்வார்கள் அல்லவா என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதில் அவ்வளவு வேகமாக வந்தபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை என் தாளில் நான் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு உறை பிரிக்கப்படும், மருந்து மனிதர்களை நோக்கி ஒரு படி நகரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற யாருக்கோ அதை ஏற்றுவார்கள். கையெழுத்துப் போட்டால் பொய்க்குத் துணை போகிறேன். போடாவிட்டால் அண்ணியின் வேலை என் கையால் போகும். இரவுச் சாப்பாட்டில் அண்ணி எனக்கு இரண்டாவது கரண்டி பரிமாறினார். "ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். "தலைவலி" என்றேன்.

காலையில் மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பாதி சொல்வதற்குள் அவர் கை காட்டி நிறுத்தினார்.

"மிச்சத்த அவங்க முன்னாடி சொல்லு."

இருவரையும் கூப்பிட்டார். நான் கதவையே பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். நூல், மீசை, மேலே வெட்டியது, எல்லாம். என் குரல் யாரோ கதை படிப்பதுபோல எனக்கே கேட்டது.

சீவல் சார்தான் முதலில் பேசினார். "பட்டாணி அளவு இதயத்துல மேல் வீடு, கீழ் வீடுன்னு பிரிச்சு நான் திருட்டுத்தனம் பண்றேன். அவ்வளவு கைத்திறமை எங்கிட்ட இருக்குன்னு நம்புன ஒரே ஆள் நீதாம்மா." யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "சரி, கொறஞ்ச பன்னெண்ட அளந்தே. கூடுன பன்னெண்ட அளந்தியா?"

அளவுகோல் என் கையில்தான் இருந்தது.

எண்ணுவது என் தொழில். பாதியை எண்ணிவிட்டு முழுதும் தெரிந்ததாக எழுதக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். புள்ளி அதிகமுள்ள இதயங்களின் படங்களில் ஒன்றைக்கூட நான் திறந்திருக்கவில்லை.

மேடமே கணினியில் திறந்தார். என் அளவுகோலை வாங்கி அவரே அளந்தார். அதிலும் ஏழு நூல்கள் நீளம். இங்கே ஏழு, அங்கே ஏழு. என் அடையாளம், என் சதி, என் துப்பு எல்லாம் அந்தத் திரையில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அப்ப ஒண்ணுமில்ல, போகலாம்" என்று சீவல் சார் அவசரமாக எழுந்தார். அந்த அவசரம் மேடத்தை நிறுத்திவிட்டது.

"இருங்க. மொத்தம் பதினாலு நீளமா இருக்கே, ஏன்?"

அண்ணியின் அறுவைக் குறிப்பேட்டை எடுத்து எண்களை ஒப்பிட்டார். ஒவ்வோர் அறுவைக்கும் பக்கத்தில் நேரம் எழுதியிருக்கும். பதினான்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்தவை. காலையில் செய்த பத்திலும் நூல் ஒட்ட நறுக்கியிருந்தது.

அண்ணி கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். கைப்பிடி உடைந்து பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பூதக்கண்ணாடி. அது சீவல் சாருடையது என்று எனக்குத் தெரியும்.

"எட்டு மாசமா கிட்ட இருக்குறது சரியாத் தெரியல மேடம். காலையில சமாளிச்சிடுவேன். மதியத்துக்கு மேல நூலோட நுனி ரெண்டாத் தெரியுது. கொஞ்சம் நீளமா விட்டாத்தான் பிடிக்க முடியுது. முடிச்சு சரியாத்தான் இருக்கும், நிறம் மாறுறதைப் பாத்துட்டுத்தான் விடுவேன்." என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஒப்பந்தம் முடியுற நேரத்துல கண்ணு போச்சுன்னு எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். சார் அந்தக் கண்ணாடிய மட்டும்தான் கொடுத்தாரு. வேற தப்பு அவருக்கு இல்ல."

மேடம் குறிப்பேட்டை மூடினார். "கண் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் எலியத் தொடாதே" என்றார். என்னைப் பார்த்து, "நீ கையெழுத்துப் போடாதே. நூல் விஷயம் தப்பு. கூட்டம் ஏன் குறையலைங்குற கேள்வி தப்பில்ல" என்றார்.

அன்று பஸ்ஸில் அண்ணி வேறு இருக்கையில் உட்கார்ந்தார். இறங்கி நடக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஒரே மேசையில சாப்பிடுறோம். வீட்ல கேட்டிருக்கலாம்."

அதன் பிறகு பேச்சில்லை. சோறு வந்தது, துணி மடித்து வைக்கப்பட்டது, பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப்பட்டது. பேச்சு மட்டும் இல்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பெண்கள் பேசாத வீட்டில் மூன்றாவது ஆள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேச வேண்டியதாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது தன் வேலைக் கதையைத் தொடங்கினார்.

"பத்து மாடிக் கட்டடம். மேனேஜர் கூப்பிட்டுப் பெருமையா ஒரு நோட்ட காட்டுறாரு. போன மாசம் லிஃப்டுல இறங்குனவங்க பாதிக்குப் பாதி கொறஞ்சிட்டாங்களாம், மின்சாரம் மிச்சமாம். பாத்தா, ரெண்டு லிஃப்டுல ஒண்ணப் பூட்டி வச்சிருக்காரு. யோவ், லிஃப்டப் பூட்டிட்டா யாரும் கீழ இறங்கலேன்னு அர்த்தமா? படிக்கட்டப் போய்ப் பாரு, தள்ளுமுள்ளு! ரெண்டு பேரு விழுந்து காலு சுளுக்கியாச்சு."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு நாளில் முதல் முறை. ஒரே நேரத்தில் இருவரும் அந்த இதயங்களைத்தான் நினைத்தோம் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

செல் இரண்டு விதமாகச் சாகும். ஒன்று அமைதியான சாவு. செல் தானே முடிவெடுத்து, தன்னைச் சுருக்கிச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளும். பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும், சத்தமே வராது. இன்னொன்று வெடிச் சாவு. செல் ஊதி வெடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டும். அந்த நாற்றத்துக்கு வெள்ளையணுக்கள் ஓடிவரும். வந்த வேகத்தில் நல்ல செல்களையும் அடித்து நொறுக்கும். இதுவும் விபத்தல்ல, செல்லுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் இன்னொரு வழி. நான் எண்ணிய பச்சைச் சாயம் அமைதியான சாவை மட்டும்தான் காட்டும். எங்கள் மருந்து அந்த வழியை மட்டும்தான் அடைக்கும்.

லிஃப்டைப் பூட்டிவிட்டு, லிஃப்டில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து வெள்ளித் தாள் சுற்றிய புட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"வெடிச் சாவைக் காட்டுற சாயம். வாங்கி மூணு மாசமாச்சு."

"ஏன் மேடம் பிரிக்கல?"

"பிரிச்சா என்ன தெரியும்னு பயந்துட்டேன்." கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தார். "உங்க அண்ணி மட்டும்தான் மறைச்சாள்னு நினைச்சியா?"

புதிய தகடுகளைச் சீவல் சார் சீவிக் கொடுத்தார். ஒவ்வொன்றின் மேலும் 'கீழ் வீடு' என்று பென்சிலால் எழுதியிருந்தார். நான் அதைத் தாங்கிக்கொண்டேன். இந்தச் சாயம் சிவப்பு. நான்கு நாள் எண்ணினேன், இருபத்து நான்கையும், எதையும் விடாமல். பச்சை குறைந்திருந்த பன்னிரண்டு இதயங்களிலும் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. உறையைப் பிரித்தபோது அவை பன்னிரண்டும் மருந்து பெற்ற எலிகளுடையவை. யாரும் பொய் சொல்லவில்லை. அடைத்த கதவை விட்டுவிட்டுச் செல்கள் திறந்த கதவால் போயிருந்தன, போகும்போது வீட்டையும் உடைத்துவிட்டு.

மருந்து மனிதர்களிடம் போகவில்லை. அண்ணிக்கு ஐந்து வருட நீட்டிப்பும் இல்லை. இரண்டு கதவுகளையும் சேர்த்து அடைத்துப் பார்க்கலாம் என்று மேடம் புது ஆய்வு எழுதினார். அதற்கு முடிச்சுப் போட ஆள் வேண்டும். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார், குனிந்து வேலை செய்தாலும் நழுவாத வகை. "காலையில மட்டும், ஒரு நாளைக்கு மூணு எலி, ஆறு மாசம்" என்றார் மேடம். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, அண்ணியும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புது ஆய்வின் முதல் பதினெட்டு இதயங்களின் படங்கள் கணினிக்கு வந்தன. பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் வேலை தகடுகளோடுதான். ஆனாலும் திறந்தேன்.

முதல் படத்தில் நூல் நீளமாக இருந்தது. இரண்டாவதிலும். மூன்றாவதிலும். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலை வெளிச்சத்தில், பதினெட்டு நூல்களையும் அண்ணி நீளமாக விட்டிருந்தார். ஒவ்வோர் இதயத்துக்கும் பக்கத்தில், எனக்குச் சிரமம் வேண்டாமென்று, ஒரு சின்ன அளவுகோல் வேறு வைத்துப் படமெடுக்கச் சொல்லியிருந்தார்.

முகம் சுட்டது. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பதினெட்டையும் அளந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அண்ணி என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் போகும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"என்ன, எல்லாம் சரியா இருந்துச்சா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"பதினொண்ணாவது மட்டும் அரை மில்லிமீட்டர் கம்மி அண்ணி."

அவர் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அத வெட்டுறப்ப எனக்குப் பசி" என்றார்.